மழையில் சுருங்காத விரல்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் மழைக்குக் குறைவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் கொழுந்துக்காரப் பெண்களின் விரல் நுனிகள் சுண்டைக்காய் வற்றல் போலச் சுருங்கிக் கிடக்கும். எங்கள் அப்பாயிக்கு மட்டும் ஒரு விரலில் வித்தியாசம். இடது கை ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு பாதி சுருங்கியிருக்கும். கட்டைவிரலைப் பார்த்த மறுபாதி குழந்தைக் கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கும். நடுவில் யாரோ கோடு போட்டுப் பிரித்துவிட்டது போல. சின்னப் பிள்ளைகள் நாங்கள் அந்தக் கோட்டை நகத்தால் தேடுவோம். "அந்தப் பக்கத்துக்கு மட்டும் வயசாகலடா" என்று சிரிப்பார்.

அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குப் புரிய நாற்பது வருஷம் ஆனது.

1963, மலேசியா பிறந்த வருஷம். கவாத்து முடிந்த மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை அப்பாயி விறகுக்கு நறுக்கிக்கொண்டிருந்தார். வலது கையில் கத்தி, இடது கையில் கிளை. கத்தி வழுக்கி ஆள்காட்டி விரலின் அடியில், கட்டைவிரல் பக்கமாக இறங்கியது. தோட்டத்து டிரசர் ஐயா கழுவி, மூன்று தையல் போட்டு, மருந்து வைத்துக் கட்டினார். "ஒண்ணுமில்லம்மா, பத்து நாள்ல ஆறிடும்." சொன்னபடியே ஆறியது. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு ஊசி நூல் அளவுள்ள விரல் நரம்பைத் தேடிப் பிடித்துத் தைப்பதெல்லாம் பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரிகளிலேயே அபூர்வம். தோல் மூடிக்கொண்டது, தொடுவுணர்வு போனது போனதுதான்.

கொழுந்து பறிப்பது கண் வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பாதிக்கு மேல் விரல் வேலை. இரண்டு இலை ஒரு மொட்டை எந்த இடத்தில் ஒடிப்பது என்பதைத் தண்டின் இளக்கத்தை வைத்து ஆள்காட்டியும் கட்டைவிரலும்தான் முடிவு செய்யும். இளந்தண்டு சட்டென்று ஒடியும், முற்றியது நாராக இழுக்கும். அப்பாயியின் இடது கைக்கு அந்தச் சேதி வராமல் போயிற்று. ஒவ்வொரு கிள்ளலையும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டிவந்தது. கிராணி எழுதும் ராத்தல் கணக்கு குறைந்தது. ஒரு முறை அடுப்பிலிருந்த பாத்திரத்தைப் பிடித்துவிட்டு, தோல் கருகிய வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் கையை எடுத்தாராம்.

போன வருஷம் என் தம்பி மகனுக்கு ஏறக்குறைய அதே இடத்தில் வெட்டு. அவன் தேயிலைக்காரன் இல்லை. பள்ளத்தாக்கை மூடிக்கிடக்கும் பிளாஸ்டிக் கூரைகளின் கீழே காய்கறித் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை. கூரைத் தாளை அறுக்கும்போது பிளேடு திரும்பிவிட்டது. கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் தையல் ஊசியைத் தொடுவதற்கு முன்னால் அவனைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து விரலின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தொட்டார். ஒரு பக்கம் தொட்டால் "ஆமா டாக்டர்" என்கிறான், மறுபக்கம் தொட்டால் சும்மா இருக்கிறான். அன்று சாயங்காலமே சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு அனுப்பினார்கள். மைக்ரோஸ்கோப்பின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் நரம்பின் உறையை முனையோடு முனை சேர்த்துத் தைத்தார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள முதல் வித்தியாசம் அந்தப் பஞ்சுதான். அரை நிமிஷ வேலை.

நரம்பைத் தைத்தால் கரண்ட் கம்பியை முறுக்கி இணைத்த மாதிரி உடனே உணர்வு வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வராது. காரணத்தை 1850இலேயே அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். வெட்டுக்கு அப்பால் விரல் நுனிப் பக்கம் இருக்கும் இழைகள் தாய்ச் செல்லோடு தொடர்பு அற்றதால் சிதைந்து போகும். விரல் நரம்பின் தாய்ச் செல்கள் விரலில் இல்லை, கழுத்துப் பகுதி முதுகெலும்பை ஒட்டி இருக்கின்றன. ஆகவே தைக்கப்படுவது வெறும் சட்டைக் கை மாதிரி. அதற்குள்ளே புது இழைகள் வெட்டுவாயிலிருந்து மறுபடி முளைத்து நுனிவரை நடந்து வரவேண்டும். வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்.

இதை நான் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்வேன். முதல் மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு தழும்புக்கு மேலே லேசாகத் தட்டினால் நுனியில் கரண்ட் அடிக்கிற மாதிரி சுர்ரென்கிறது என்றான் தம்பி மகன். முளைக்கிற இழையின் முனையைத் தட்டினால் அப்படித்தான் இருக்கும். ஃபிரான்ஸில் ஜூல் தினெலும் ஜெர்மனியில் பவுல் ஹோஃப்மானும் 1915இல், உலகப் போரில் எதிரெதிர் அணி நாடுகளில் இருந்துகொண்டு, தனித்தனியாக இதையே எழுதினார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பால்பாயிண்ட் பேனாவால் சுர்ரென்ற இடத்தில் புள்ளி வைத்தேன். ஒரு வாரம் ஏழு மில்லிமீட்டர், அடுத்த வாரம் ஐந்து, அதற்கடுத்து மறுபடி ஏழு. பையன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். "பெரியப்பா, ரப்பர் மரத்துல கோடு போடுற மாதிரி போடுறீங்களே" என்றான்.

கண்ணில்லாத அந்த இழைக்கு எந்தப் பக்கம் போவதென்று எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்விக்கு அன்று சொன்ன பதில் ஒன்று, இன்று சொல்லும் பதில் வேறு. 1890இல் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் கோழிக் கருவின் தண்டுவடத்தில், வளரும் நரம்பிழையின் முனையில் ஒரு குட்டிக் கூம்பைக் கண்டார். வளர்கூம்பு என்போம். செத்த திசுவில் கண்டதை வைத்தே அது உயிரோடு முட்டி நகரும் என்று ஊகித்தார். 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் துண்டை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு, இழை நீள்வதைக் கண்ணெதிரே காட்டினார். வளர்வது உறுதியாகிவிட்டது. வழி மட்டும் தகராறு. வாய்க்காலில் தண்ணீர் போவது போலக் கிடைத்த பள்ளத்தில் இழை போகும், எங்கே போய்ச் சேர்ந்தாலும் பழக்கத்தில் வேலை சரியாகிவிடும் என்றது பவுல் வைஸ் தரப்பு. வைஸ் பெரிய புள்ளி. அவரைக் கவிழ்த்தது அவரிடமே ஆய்வு செய்த மாணவர் ராஜர் ஸ்பெரி. தவளையின் கண் நரம்பை வெட்டி, கண்ணைக் குழியிலேயே தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்து பார்வையும் வந்தது. ஆனால் ஈ மேலே பறந்தால் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை நாள் ஆனாலும் அது திருந்தவில்லை. ஒவ்வோர் இழையும் தன் பழைய விலாசத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. செல்களின் மேல் ரசாயன அடையாளம் இருக்கிறது, இழை அதைத் தடவிப் படித்துக்கொண்டு போகிறது என்று ஸ்பெரி முழுக் கோட்பாடாக எழுதியது 1963இல். அப்பாயியின் விரலில் கத்தி இறங்கிய அதே வருஷம்.

அடையாளம் என்று சொன்னாரே தவிர, அந்தப் பொருளை அவர் கையில் எடுத்துக் காட்டவில்லை. அப்படிப்பட்ட பொருள்கள் 1970களில்தான் கிடைக்கத் தொடங்கின. எதிர்ப்புப் பொருள்களின் அமைப்புக்காக 1972இல் நோபல் வாங்கிவிட்டு நரம்புப் பக்கம் திரும்பிய ஜெரால்டு எடல்மனின் குழு, கோழிக் கருவின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதத்தைப் பிரித்தது. பிறகு அதற்கு என்-கேம் என்று பெயரானது. ஜப்பானில் மசாதோஷி தகேயிச்சி, கால்சியம் இருந்தால்தான் ஒட்டும் இன்னொரு குடும்பத்தைக் கண்டு கட்ஹெரின் என்று பெயரிட்டார். ஜெர்மனியில் மெலிட்டா ஷாக்னர் எல்-1ஐக் கொண்டுவந்தார். செல்களுக்கு வெளியே விரித்த பாய் போலக் கிடக்கும் லமினினை 1979இல் ரூபர்ட் டிம்ப்ல் பிரித்தெடுத்திருந்தார். 1994இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆயிரக்கணக்கான கோழிக் கருக்களின் மூளையை அரைத்து, இழைகளைத் தூரத்திலிருந்தே அழைக்கும் ஒரு புரதத்தை எடுத்தார்கள். பெயர் நெட்ரின். வழிநடத்துபவன் என்ற பொருளுடைய சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். நேதாஜியில் இருக்கும் 'நேதா'வும் அதே வேர்தான். 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் அந்த நேதாவின் பின்னால் போனார்கள் என்று தெரிந்த நமக்கு, இந்தப் பெயரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் இந்த ஒட்டும் புரதங்களையெல்லாம் பசை என்றுதான் நினைத்தார்கள். செங்கல்லுக்குச் சிமெண்டு மாதிரி. வெறும் பசையாக இருந்தால் வளர்கூம்பு ஒட்டிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நிற்பதில்லை.

இங்கே காய்கறித் தோட்டத்தில் பயற்றங்கொடி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கொடியின் இளநுனி காற்றில் துழாவும். கொழுகொம்பில் பட்டதும் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு மேலே போகும். அதாவது கொம்பு கொடியைத் தாங்கவும் செய்கிறது, 'இந்தப் பக்கம்' என்று சொல்லவும் செய்கிறது. வளர்கூம்பிலிருந்தும் விரல் விரலாக நீட்சிகள் கிளம்பித் துழாவும். அவற்றின் மேலே என்-கேம், எல்-1 போன்றவை நிற்கும். எதிரே இருக்கும் செல்லிலும் அதே என்-கேம் இருந்தால் இரண்டும் பிடித்துக்கொள்ளும், இனம் இனத்தைச் சேர்கிற கதைதான். பிடித்த மறுகணம் செல்லுக்குள்ளே வேலை தொடங்கும். சில நொதிகள் விழிக்கும், கால்சியம் உள்ளே வரும், வளர்கூம்பின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகள் மாற்றிக் கட்டப்படும். போ, நில், திரும்பு என்பதெல்லாம் அந்தப் பிடியிலிருந்தே புறப்படும் கட்டளைகள்.

நகர்வது எப்படி என்பதற்கு நம் மலைப்பாதையின் பழைய லேண்ட் ரோவரே உதாரணம். வளர்கூம்புக்குள்ளே ஆக்டின் எந்நேரமும் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும், எஞ்சின் ஓடுவது போல. கிளட்ச் பிடிக்காத வரை வண்டி நகராது. வெளியே ஒட்டு மூலக்கூறு ஒரு பிடிமானத்தைப் பிடித்து, உள்ளே அது ஆக்டினோடு கோத்துக்கொண்டதும் அந்த ஓட்டம் முன்னோக்கிய தள்ளலாக மாறும். இதைக் கிளட்ச் என்று உவமித்தது நானில்லை, 1988இலிருந்தே ஆய்வாளர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். பிடி அளவுக்கு மேல் இறுகினாலும் வண்டி நின்றுவிடும். அதற்காகவே என்-கேம் மேல் பாலிசயாலிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. அது பிடியைத் தளர்த்தி, கட்டாகச் செல்லும் இழைகள் பிரிந்து தனித்தனி வழி போக இடம் கொடுக்கிறது.

பையனின் விரலுக்குள் நடந்ததும் இதுதான். நரம்பிழை சிதைந்த பின் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் சாகவில்லை. வரிசையாக நின்று குழாய்க்குள்ளே ஒரு நடைபாதை போட்டன. அமைதியாக இருக்கும் நாளில் குறைத்து வைத்திருந்த என்-கேமையும் எல்-1ஐயும் மறுபடி ஏராளமாக மேலே கொண்டுவந்தன. சுற்றிலும் லமினின் விரிப்பு. புது இழை இவற்றைப் பிடித்துப் பிடித்து வந்தது. பாதைதான் முக்கியம் என்பதற்கு மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ 1980களின் தொடக்கத்தில் நல்ல சாட்சி காட்டினார். தண்டுவடத்தின் இழைகள் அறுந்தால் வளராது என்பது அன்றைய முடிவு. காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டை எலியின் தண்டுவடத்தில் ஒட்டவைத்தபோது அதே இழைகள் அந்தத் துண்டுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. அப்பாயியின் விரலில் இரண்டு முனையும் விலகிக் கிடந்தன, நடுவில் தழும்பு. வெட்டுவாயில் முளைத்த இழைகளுக்கு அந்தப்பக்கத்து நடைபாதை எட்டாமலே போயிருக்கும்.

மூலக்கூறிலேயே பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எல்-1 மரபணுவில் பிழையோடு பிறக்கும் ஆண் குழந்தைகளில் சிலருக்குத் தலையில் நீர் கோத்திருக்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும். இது 1992இல் தெரியவந்தது. நரம்புச் சந்திப்புகளில் இரு பக்கமும் கைகோத்து நிற்கும் நியூரெக்சின், நியூரோலிஜின் ஜோடியில் நியூரோலிஜின் பிழை சில ஆட்டிசக் குடும்பங்களில் இருப்பது 2003இல்.

இனி, தோட்டத்தில் யாரும் உரக்கப் பேசாத ஒன்றுக்கு வருகிறேன்.

அப்பாயியின் விரல் மரத்துப் போனபோது லயத்தில் சிலர் அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினார்களாம். கத்தி வெட்டு என்று தெரிந்தும் தயங்கினார்கள். மரத்த விரல் என்றால் அன்று ஒரே அர்த்தம், பெருவியாதி. 1926இல் தொழுநோயாளரைப் பிடித்து வைக்கச் சட்டம் வந்தது. 1930இல் கோலாலம்பூருக்கு வெளியே சுங்கை பூலோவில் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. கன்னத்திலோ முதுகிலோ வெளுத்த தேமல், அதில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தால் லாரி வரும். போனவர்களுக்கு அங்கே வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, வெளியே செல்லாத தனி நோட்டுப் பணம்கூட இருந்தது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பிரித்துத் தத்துக் கொடுத்தார்கள். இன்று நகரத்துக்காரர்கள் காரில் போய்ப் பூச்செடி வாங்கிவரும் சுங்கை பூலோ நர்சரிகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது ஏன் நரம்பையே தேடிப்போகிறது என்பது 124 வருஷம் தெரியவில்லை. கைகால் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வு இல்லாததால் சுட்டும் கிழித்தும் தேய்த்தும் போகின்றன என்று காட்டியவர் பவுல் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூருக்கு வந்து, மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் கொடுத்த அறுவை மருத்துவர். நரம்பு சாவதால் கை கெடுகிறது என்பதுவரை அவர் கொண்டுவந்து நிறுத்தினார்.

நரம்புக்குள் கிருமி நுழைவதெப்படி என்பதை 1997இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அனுர ரம்புக்கனவும் குழுவும் சொன்னார்கள். லமினினில் பல வகை உண்டு. ஷ்வான் செல்லைப் போர்த்தியிருக்கும் வகையில் ஒரு குறிப்பிட்ட கண்ணியைத்தான் தொழுநோய்க் கிருமி பற்றுகிறது. மறுவருஷம் அடுத்த படியும் தெரிந்தது. லமினினைப் பிடித்த கிருமி, அதன் வழியே ஷ்வான் செல்லின் சொந்த ஏற்பியான டிஸ்ட்ரோகிளைகானைத் தொட்டு உள்ளே போகிறது. பையனின் விரலில் புது இழை எந்த விரிப்பைப் பிடித்து நடந்ததோ, அதே விரிப்பில் திருடன் ஏறுகிறான். 2006இல் அதே குழு இன்னும் மோசமான ஒன்றைக் காட்டியது. ஒட்டிய கிருமி சும்மா இருப்பதில்லை, செல்லுக்குள் இருக்கும் சேதி வழி ஒன்றைத் தானே முடுக்கி, நரம்பின் மேலுள்ள மயலின் உறையை உரிக்கவைக்கிறது. நோயின் தொடக்க வேலையே பிடியைக் கள்ளச்சாவியாக்குவதுதான் என்பது என் கணிப்பு. குளிர்ந்த இடம் கிருமிக்குப் பிடிக்கும். அதனால்தான் முழங்கை, முகம், கைகால் போன்ற இடங்களில் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகளில் அடி முதலில் விழுகிறது.

மருந்தின் கதையில் சுங்கை பூலோவுக்குத் தனி இடம் உண்டு. டாப்சோன் மாத்திரை எல்லோரையும் காப்பாற்றும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, அதற்கு மசியாத கிருமி உண்டென்று பெட்டிட்டும் ரீஸும் 1964இல் நிரூபித்தது அங்கிருந்த நோயாளிகளை வைத்துத்தான். ஒரே மருந்து போதாது என்பது அங்கே உறுதியான பாடம். 1980களில் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் என்ற கூட்டு மருந்து வந்தது. இன்று நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். முதல் வேளையிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு பெருமளவு போய்விடும். 1994இல் மலேசியா பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்குக் கீழே வந்தது. முழுக்கப் போய்விடவில்லை.

தோட்டமும் மாறிவிட்டது. இரண்டு விரலால் கிள்ளிய இடத்தில் கத்தரி வந்தது, சமமான இடங்களில் இரண்டு பேர் தூக்கிப்போகும் இயந்திரம் வந்தது. இன்று கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். தண்டின் இளக்கத்தை விரலால் படிக்கும் வித்தை லயத்தோடு போய்விட்டது. அதற்காக நான் அழப்போவதில்லை. அந்த வித்தைக்கு அப்பாயி கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

தம்பி மகனின் விரலில் உணர்வு முழுசாகத் திரும்பவில்லை. நுனியை விரலால் தொட்டால் தெரிகிறது. பஞ்சால் தொட்டால் சில சமயம் தெரியும், சில சமயம் பக்கத்தில் வேறு இடத்தில் தொட்ட மாதிரி தெரியும். சில இழைகள் வீடு மாறிப் போயிருக்கின்றன. தவளைக்கு வாய்க்காத ஒன்று மனிதனுக்கு உண்டு, பழகப் பழக மூளை கொஞ்சம் திருத்திக்கொள்ளும். நரம்பு செத்த விரல் தண்ணீரில் சுருங்காது என்பதை 1973இல் ஓரியன் என்ற மருத்துவர் ஒரு சோதனையாகவே எழுதிவைத்தார் என்று படித்த அன்று, அவன் கையை அரை மணிநேரம் வெந்நீர் வாளியில் வைக்கச் சொன்னேன். ஆள்காட்டி நுனியில் சுருக்கம் விழுந்தது. ஒரு மூலை மட்டும் இன்னும் வழவழப்பு.

லயத்திலும் காய்கறித் தோட்டத்திலும் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கையில் வெட்டுப்பட்டால், மரக்கும் ஊசி போடுவதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு நுனியின் இரண்டு பக்கத்தையும் பஞ்சால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் வெளுத்த தேமல் இருந்து அதில் தொட்டது தெரியாவிட்டால், படை மருந்து பூசிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். கூட்டு மருந்து உலக சுகாதார நிறுவனம் வழியாக நாடுகளுக்கு இலவசமாகவே வருகிறது. இப்போது லாரி வருவதில்லை.